லெம்பாவுக்கு யார் சொல்வது

லெம்பா நோயில் படுத்து அரை வருஷம் ஆகப்போன சமயத்தில்தான் அவளுக்கு யார் சொல்வது என்ற தகராறு வந்தது. அவள் மூச்சு நின்றும் அதே அரை வருஷம்தான். எங்கள் தொராஜா மலையில் மூச்சு நின்ற கையோடு ஆளைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பாறைக் குகைக்குள் வைத்துவிட்டுத் திரும்புகிற அவசரம் கிடையாது. கடல்தாண்டிப் போன பிள்ளைகள் வந்து சேர வேண்டும். எருமை வர வேண்டும், பன்றி வர வேண்டும், விருந்தாளிகளுக்கு மூங்கில் கொட்டகை எழும்ப வேண்டும். அதுவரைக்கும் அந்த ஆள் செத்தவர் இல்லை. உடம்பு சரியில்லாதவர், அவ்வளவுதான். மருத்துவமனையில் வேலை பார்க்கும் பையன் வந்து உடம்பு கெடாமலிருக்க ஊசி போட்டுவிட்டுப் போவான். பின்னறையில் படுக்க வைத்து, நேரத்துக்குச் சோறும் காப்பியும் கொண்டுபோய் வைப்போம். ஊரார் எட்டிப்பார்த்து, எப்படி இருக்கிறாய் என்று கேட்பார்கள். சடங்கு தொடங்கும் நாளில் படுக்கையைத் திசைமாற்றித் திருப்பிப் போடுவார்கள். ஆள் செத்ததாகக் கணக்கு அன்றைக்குத்தான்.

லெம்பாவும் அப்படித்தான் படுத்திருந்தாள், பட்டுத்துணி போர்த்திக்கொண்டு, மகாராணி மாதிரி. பிறந்ததிலிருந்து இவ்வளவு நேரம் நீ வாயை மூடிக்கொண்டிருந்து பார்த்ததில்லையடி என்று முதல் நாளே அவளிடம் சொல்லிவிட்டேன்.

என் பெயர் தாசிக். எனக்கும் லெம்பாவுக்கும் நடுவில் ஒரு நெல்வயல்தான். இருவரும் ஒரே வருஷத்தில் பிறந்தோம். அவள் மூன்று மாதம் மூத்தவள், அதை வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்க என்னை அதிகாரம் செய்தாள். பள்ளிக்கூடத்துக்குச் சேர்ந்து நடந்தோம். தேவாலயப் பாட்டுக்குழுவில் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். நான் சரியாகப் பாடுவேன், அவள் சத்தமாகப் பாடுவாள். என் புருஷனை முதலில் அவளுக்குத்தான் பேசினார்கள். மூக்கு பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டாள். பிறகு அவர் எனக்கு வாய்த்தார். அதிலிருந்து எங்கள் வீட்டு வாசலில் கால் வைக்கும்போதெல்லாம், "நான் வேண்டாம்னு வெச்ச மூக்கு சௌக்கியமா?" என்றுதான் கேட்பாள். அந்த மனிதரும் அதற்குச் சிரித்துக்கொண்டே மூக்கைத் தடவிக் காட்டுவார்.

அவர் போனபோது அவரைப் போலவே மரத்தில் உருவம் செய்து பாறை முகப்பில் நிறுத்தினோம். ஊரே தலைகுனிந்து நிற்கிறது. லெம்பா மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டு என் காதில், "ஆசாரி மூக்கை ரொம்பக் குறைச்சிட்டான்டி. நீ மேல போனா ஆளை அடையாளம் தெரியாம முழிப்ப," என்றாள். எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. பாதிரியார் திரும்பி முறைத்தார். அழுகை என்று நினைத்திருந்தால் அவருக்குப் புண்ணியம். அன்றைக்கு அவள் என்னைச் சிரிக்க வைத்திருக்காவிட்டால் நான் அந்தப் பாறையடியிலேயே விழுந்திருப்பேன்.

அவள் படுத்த நாளிலிருந்து தினமும் பின்மதியம் போய்விடுவேன். இரண்டு டம்ளர் காப்பி. ஒன்று அவள் தலைமாட்டில், ஒன்று என் கையில். அவளுடையது ஆறியபிறகு அதையும் நானே குடிப்பேன். ஊர்க்கதை எல்லாம் சொல்வேன். பதிலும் வரும். வேறு யாருக்கும் கேட்காது, எனக்கு மட்டும் கேட்கும். இத்தனை வருஷம் கூடவே கிடந்தவள் எந்தப் பேச்சுக்கு என்ன சொல்வாள் என்று தெரியாமலா போகும்?

"பாதிரியார் பெண்டாட்டி தலைக்குச் சாயம் அடிச்சிருக்காடி. கத்தரிக்காய் மாதிரி பளபளங்குது."

'அவளுக்குச் சாயம் அடிக்கவாவது முடி இருக்கு. உனக்கு எங்க இருக்கு?'

"நீ மட்டும் என்ன, சீவிச் சிங்காரிச்சுக்கிட்டா படுத்திருக்க?"

'நான் நோயாளி. எனக்கு மன்னிப்பு உண்டு.'

இப்படிப் பேசிக்கொண்டிருப்போம். நான் சிரிக்கும் சத்தம் கேட்டு முன்கட்டிலிருந்து அவள் மகள் ரிப்கா எட்டிப்பார்ப்பாள்.

ரிப்கா மக்காஸார் நகரத்தில் பள்ளிக்கூட ஆசிரியை. அம்மா படுத்ததும் நீண்ட விடுப்பு போட்டுவிட்டு மலைக்கு வந்துவிட்டாள். கொட்டகைக்கு மூங்கில், குடும்பத்துக்கு ஒரே மாதிரிக் கறுப்புத் துணி, பாப்புவாவில் சுரங்க வேலை பார்க்கும் தம்பியின் விமானச் சீட்டு என்று எல்லாம் அவள் தலையில்தான். காதிலிருந்து கைப்பேசி இறங்காது. ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு யாரும் பார்த்ததில்லை. கல் மாதிரி இருக்கிறாளே என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். எங்கள் பக்கம் அம்மாவை இந்தோ என்போம். ரிப்காவுக்குப் பெற்றவள் அம்மா, நான் இந்தோ. சின்ன வயதிலிருந்து அப்படிப் பங்கு பிரித்து வைத்திருந்தாள்.

ஒருநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இந்தோ, மாமா எல்லாரும் பேசி ஜூலையில வெச்சுக்கலாம்னு சொல்லிட்டாங்க."

"என்னத்தை?"

"என்னத்தைன்னா? சடங்கைத்தான்."

நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அம்மாகிட்ட முன்கூட்டியே சொல்லணும் இல்லையா," என்றாள் ரிப்கா. "சொல்லாம கொள்ளாம ஒரு நாள் போய்த் திருப்பிப் போட முடியாது. பயந்துடுவாங்க. நீங்க சொல்லிடுங்க."

"பெத்த மக நீ இருக்கும்போது நான் எதுக்கு?"

"நான் சொன்னா என்னைக்கு அவங்க கேட்டிருக்காங்க? நீங்க சொன்னாதான் காது கொடுப்பாங்க."

பாராட்டு மாதிரி சொல்லிப் பாரத்தை என் தலையில் ஏற்றிவிட்டாள். அம்மாவுக்குத் தப்பாத பெண். சொல்லாமல் திருப்புவது எங்களில் பெரிய பாவம். நோயாளியை ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு மாற்றினால்கூடச் சொல்லிவிட்டுத்தான் மாற்றுவோம். அதனால் யாராவது சொல்லியே ஆக வேண்டும் என்பது எனக்கும் தெரியும். சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அதன்பிறகு பின்மதியம் நான் எங்கே போவது?

உள்ளே போனேன். லெம்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்தேன். வெள்ளரிக்காய் இந்த வருஷம் கசக்கிறது என்றேன். என் பேரன் மோட்டார்பைக்கை வாய்க்காலில் விட்டதைச் சொன்னேன். இருட்டத் தொடங்கியதும் எழுந்து வந்துவிட்டேன்.

வாசலில் ரிப்கா காத்திருந்தாள். "சொல்லிட்டீங்களா? அம்மா என்ன சொன்னாங்க?"

என் வாய் சும்மா இருக்குமா? "ஜூலை வேண்டாங்கிறா. ஜூலையில வெள்ளைக்காரன் எல்லாம் கேமராவைத் தூக்கிக்கிட்டு வருவான், நான் தலைகூட ஒழுங்காச் சீவாம கிடக்கேன், எவனாவது படம் பிடிச்சுட்டுப் போயிடுவாங்கிறா."

ரிப்கா என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். அந்த வருஷத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

"அம்மாதான் இப்படிச் சொல்வாங்க," என்றாள்.

பாப்புவாவில் இருந்த தம்பிக்கும் ஜூலையில் விடுப்பு கிடைக்காமல் போனது எனக்கு வசதியாயிற்று. நாள் செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. மறுபடி ரிப்கா என்னை உள்ளே அனுப்பினாள். மறுபடி நான் வேறு கதை பேசிவிட்டு வெளியே வந்தேன்.

"இப்ப என்ன சொல்றாங்க?"

"செப்டம்பர்ல உன் சித்தி மகளுக்குப் பிரசவம். ஒரு பக்கம் குழந்தை கத்த, ஒரு பக்கம் பன்றி கத்த, என் சடங்குல யாரு அழறாங்கன்னு எனக்கே தெரியாதுங்கிறா."

ரிப்கா இந்த முறை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். போகிற போக்கில், "வேற ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

"நீ இளைச்சுட்டியாம். பன்றிக்கறி வேகவெச்ச மூங்கிலைச் சொரண்டியாவது தின்னச் சொன்னா."

அதன்பின் அது ஒரு பழக்கமாகிவிட்டது. நான் வெளியே வந்ததும், அம்மா இன்றைக்கு என்ன சொன்னாங்க என்று கேட்பாள். கறுப்புத் துணியின் நெசவு மட்டம் என்றாள் என்பேன். உன் வீட்டுக்காரன் மலைக்கு வந்தால் கொசுக்கடியைப் பற்றியே பேசுகிறானாம் என்பேன். எல்லாம் என் சொந்தச் சரக்குதான், ஆனால் லெம்பாவிடம் வாங்கி வைத்த சரக்கு. எங்கள் இருவருக்கும் அதில் யாருடையது எது என்று பிரித்துப் பார்த்து வழக்கமில்லை.

இந்த ஆட்டத்தைக் கெடுத்தவர் லெம்பாவின் அண்ணன் சம்பே. அவருக்குக் கோபம் வந்தால் நெற்களஞ்சியத்தின் அடித்தட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுவார். பிரசவமும் முடிந்து, டிசம்பருக்கு நாள் வைத்து, அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நான் சொன்ன அன்றைக்கு ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா தாசிக், இங்க வா. டிசம்பர்ல என் தங்கச்சிக்கு என்ன நோவு?"

"கிறிஸ்துமஸ் நேரத்துல பாட்டுக்குழுவுக்கு ஆள் குறையுமாம். தான் இல்லாம எப்படிப் பாடுவீங்கன்னு கவலைப்படறா."

"அவ பாடினதாலதான் பாட்டுக்குழுவுல பாதிப் பேர் ஓடினாங்க. அது அவளுக்கே தெரியும்."

கொட்டகைக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"உயிரோட இருந்தப்ப என் தங்கச்சி தலை சீவி நான் பார்த்ததில்லை. இப்ப கேமராவுக்குப் பயப்படறாளாம். படுத்தபிறகு ரொம்பத்தான் நாசூக்கு வந்திருக்கு," என்றார் சம்பே. "ரிப்கா தம்பி சீட்டு எடுத்துட்டான். பாதிரியார் தேதி குறிச்சுட்டார். இனிமே அவளே எழுந்து வந்து வேண்டாம்னு சொன்னாலும் நடக்காது. சொல்லிடு அவகிட்ட."

"நீங்களே போய்ச் சொல்லுங்களேன்," என்றேன்.

சம்பே பக்கத்திலிருந்தவனிடம் கணுவை ஒட்டி வெட்டாதே என்று கத்தத் தொடங்கினார். அவ்வளவு பெரிய ஆளுக்கும் அந்த அறைக்குள் போய் அந்த வார்த்தையைச் சொல்லத் தைரியமில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு அவர்மேல் இருந்த கோபம் போய்விட்டது.

அன்று சாயங்காலம் ரிப்கா என்னோடு வயல் வரப்பில் பாதி தூரம் வந்தாள்.

"இந்தோ, ஒண்ணு கேட்கட்டுமா? நீங்க அம்மாகிட்ட இதுவரைக்கும் சொல்லவே இல்லை, இல்லையா?"

"உங்கம்மா சொன்னாளா?"

"விளையாடாதீங்க."

வரப்பில் ஒரு வாத்துக்கூட்டம் எங்களுக்கு வழிவிடாமல் நின்றது. அதை விரட்டுவது போலக் கையை வீசிக்கொண்டு நின்றேன்.

"எனக்கு முதல்லேயே தெரியும்," என்றாள். "போகட்டும்னுதான் விட்டேன். வர்ற வெள்ளிக்கிழமை திருப்பறோம். நீங்க சொல்லாட்டா யாருமே சொல்ல மாட்டாங்க. சொல்லாம திருப்பினா பயந்து போவாங்க. அதை மட்டும் என்னால தாங்க முடியாது இந்தோ."

"சரி, வீட்டுக்குப் போ. வாத்துகூட என் பேச்சைக் கேட்கல, உங்கம்மா கேட்பாளான்னு பார்ப்போம்," என்றேன். அவள் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை இரண்டு டம்ளர் காப்பியோடு போனேன். முற்றம் முழுக்கக் கொட்டகைகள் எழும்பிவிட்டன. புது மூங்கில் வாசனை. சமையல்கட்டில் பெண்கள் கூட்டம். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ரிப்கா அறை வாசல்வரை வந்து, வெளியிலேயே நின்றுகொண்டாள்.

லெம்பாவின் தலைமாட்டில் டம்ளரை வைத்தேன்.

"சர்க்கரை தூக்கலாப் போட்டிருக்கேன். இனிமே உனக்கு எந்த டாக்டர் வந்து திட்டப்போறான்?"

'அதை முப்பது வருஷம் முன்னாடி போட்டிருக்கக் கூடாதா, கஞ்சப் பிசினாறி.'

"வாசல்ல உனக்காக எவ்வளவு பெரிய கொட்டகை தெரியுமா? உங்க அண்ணன் மூங்கில் வெட்டறேன்னு ஊர்ல ஒரு தோப்பு விடல."

'அவனுக்கு என்ன, வெட்டறது எல்லாம் அடுத்தவன் தோப்பு.'

நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். நானும் நீட்டிக்கொண்டே போனேன். பாட்டுக்குழுவுக்குப் புதிதாக வந்த பெண்ணின் குரல், பேரனின் பைக், சம்பேயின் முட்டிவலி என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். எல்லாவற்றுக்கும் ஒரு குத்தல் வந்தது. என் காப்பி தீர்ந்துபோனது. அவளுடையது ஆறிப்போனது. சொல்வதற்கு என்னிடம் வேறு கதை மிச்சமில்லை.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். போர்வைக்கு மேலாகத்தான். அந்தக் கை சின்ன வயதில் என்னை வாய்க்காலில் தள்ளியிருக்கிறது, பின்னாலேயே இழுத்து வெளியேயும் போட்டிருக்கிறது.

"லெம்பா, நாளைக்குக் காலையில உன்னைத் திருப்பப் போறாங்க. பிள்ளைங்க எல்லாம் வந்தாச்சு. நீ பயப்படாத. நான் பக்கத்துலயேதான் இருப்பேன். நீ செத்துப் போயிட்டடி. ஒரு வருஷமா நான்தான் உன்கிட்ட சொல்லாம வெச்சிருந்தேன்."

சொல்லிவிட்டு அவள் வாயைப் பார்த்தேன். இதற்கு அவள் என்ன சொல்வாள் என்று காத்திருந்தேன். தெரியாதா எனக்கு, வாசல்ல பன்றி கத்தறது என் காதுல விழாதுன்னா நினைச்ச என்பாள். அல்லது, மூணு மாசம் மூத்தவளாச்சே, முன்னாடி போக வேண்டாமா என்பாள். நானாக இப்படி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. எல்லாம் என் குரலிலேயே இருந்தன. அவள் குரல் வரவில்லை.

"லெம்பா," என்றேன். "ஏய், உன்னைத்தான்."

வெளியே யாரோ சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. நான் குனிந்து அவள் முகத்துக்கு அருகில் காதைக் கொண்டுபோனேன். அசட்டுத்தனம்தான். இவ்வளவு பக்கத்தில் நான் போனால் சும்மா விடுகிறவளா அவள், காதில் கத்துவாள். மருந்து வாசனையும் பழைய பட்டின் வாசனையும் மட்டும்தான் வந்தன.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அவள் பயப்படுவாள் என்று இவ்வளவு நாள் எல்லோரும் கவலைப்பட்டோம்.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். ஆறின காப்பியைக் குடிக்கத் தோன்றவில்லை. டம்ளரை அப்படியே எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ரிப்கா சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

கேட்டுவிட்டு என் வாயையே பார்த்தாள். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பைத் தயாராக வைத்திருந்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்த பெண், இத்தனை மாதமும் தினம் தவறாமல் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறாள்.

"ஒண்ணும் சொல்லலம்மா," என்றேன்.

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே சொல்லல."

சிரிப்பு அவள் முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். கைப்பேசி ஒரு பக்கம் உருண்டது. ஊர் கல் என்று பேசிய பெண் சின்னக் குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதாள். சமையல்கட்டில் இருந்தவர்கள் ஓடி வந்து நின்றார்கள்.

"ஏதாவது சொல்லியிருப்பாங்க," என்றாள் அழுகைக்கு நடுவில். என் இடுப்புத் துணியின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். "யோசிச்சுப் பாருங்க இந்தோ. சின்னதா ஏதாவது. என்னைத் திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை."

நான் யோசித்தேன். சத்தியமாக யோசித்தேன். வாயைத் திறந்தால் வண்டிவண்டியாகப் பொய் கொட்டுகிறவள் நான். அந்தப் பெண்ணுக்காக ஒரே ஒரு பொய் வந்திருக்கலாம், வரவில்லை. அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் தலையை என் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "இல்லடி கண்ணு, உங்கம்மா போயிட்டா," என்றேன்.